கடைவாய்ப் பல்லும் கழிவுத் தொகையும்

2024 அக்டோபர் 28, இரவு பத்து மணி. தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். கிள்ளானில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். முறுக்கு உடைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கையைப் பார்த்தேன். முறுக்கு முழுசாக இருந்தது.

அந்த முறுக்கைச் சுட்டவர் என் மனைவியின் அக்கா. ஆகவே சம்பவம் குறித்து நான் எந்த இடத்திலும் புகார் கொடுக்க முடியாது என்பதை வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும். "பல்லு வீக்கா இருந்திருக்கும்" என்று அன்றிரவே தீர்ப்பு வந்துவிட்டது.

மறுநாள் பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இடது பக்கம், கீழ் வரிசை, கடைசிக்கு முந்தின பல். பிளவு நரம்பு வரை போயிருக்கிறது. ரூட் கெனால் செய்து, அதன் மேல் ஒரு கிரவுன் வைக்க வேண்டும். ஆக மொத்தம் 2,900 வெள்ளி. கிள்ளான் அரச நகரம்தான், சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை இருக்கும் ஊர்தான். அதற்காக என் கடைவாய்ப் பல்லுக்கு இவ்வளவு செலவில் முடிசூட்டு விழா நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணே, கம்பெனி கார்டு இருக்கா?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டது.

"கம்பெனியே நான்தாம்மா" என்றேன். கம்பீரமாகச் சொல்ல நினைத்த வாக்கியம். வாய் பாதி மரத்துப் போயிருந்ததால் "கம்பளியே நான்தான்" என்று வந்து விழுந்தது. அந்தப் பெண் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு 'கேஷ்' என்று எழுதிக்கொண்டது.

நான் கம்பெனியான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் ஓர் அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்தேன். நாற்பத்து நான்காவது வயதில் சுதந்திர வேட்கை பிடித்து வேலையை விட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால், ஒரு பூக்கடையின் மாடியில் சின்ன அறை எடுத்து மொழிபெயர்ப்புத் தொழில் தொடங்கினேன். சோப்பு விளம்பரம், தடுப்பூசித் துண்டறிக்கை, மலாய் நாடகத்துக்குத் தமிழ் வசனவரி, கல்யாணப் பத்திரிகைக்குப் பிழைதிருத்தம் என்று எது வந்தாலும் சொல்லுக்கு இத்தனை காசு. காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குவேன். என் மனைவி தெங்கு கிளானா சாலைப் பக்கம் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இரண்டு முதலாளிகள். தொழிலாளி ஒருவர்கூடக் கிடையாது.

சம்பளக்காரனாக இருந்தபோது எனக்குப் பேனல் கிளினிக் இருந்தது, மருத்துவ அட்டை இருந்தது, பல்லுக்கென்று வருடத்துக்கு 500 வெள்ளியும் இருந்தது. பல் நன்றாக இருந்த காலம் என்பதால் ஒரு காசுகூடத் தொடவில்லை. பதினெட்டு வருடம், வருடத்துக்கு 500. ஒன்பதாயிரம் வெள்ளியைப் பல்லிடுக்கில் தொலைத்தவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்னொரு இழப்பு எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு. சுயதொழிலில் இறங்கிய முதல் வருடம் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போனேன். "எம்.சி. வேணுமா?" என்று டாக்டர் கேட்டதும் பழக்கதோஷத்தில் இரண்டு நாள் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்த பிறகுதான் அதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. மனைவியிடம் நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "இதெல்லாம் ஏத்துக்க முடியாது, கேஸ் தோம்பு தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பல்லுக்கு வருவோம். 2,900 வெள்ளியைக் கேட்டதும் எனக்கு நாட்டுப்பற்று வந்தது. அரசாங்கப் பல் மருத்துவமனை எதற்கு இருக்கிறது? குடிமகனுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. ஒரு ரொட்டி சனாய்கூட இந்த விலைக்குக் கிடைக்காது. காலை ஏழு மணிக்கே போய் எண் வாங்கினேன். எனக்கு முன்னால் இருபது பேர். எல்லோரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் தேர்தலில் தோற்ற கட்சியின் அவசரக் கூட்டம் மாதிரி இருந்தது.

என் முறை வந்தது. இளம் மலாய் மருத்துவர், பொறுமையானவர். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "சாபுட்?" என்று கேட்டார். பயத்தில் என் காதில் "சாப்டாச்சா?" என்று விழுந்தது. நம் மொழி இரண்டு வார்த்தை கற்றிருக்கிறார் போலும் என்று மகிழ்ந்து பலமாகத் தலையாட்டினேன். அவர் திரும்பிக் குறடை எடுத்தபோதுதான் 'சாபுட்' என்றால் மலாயில் பிடுங்குவது என்ற நினைவு வந்தது. மலாயிலிருந்து மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். நாற்காலியில் இருந்து நான் இறங்கிய வேகத்தைப் பார்த்து மருத்துவரே சிரித்துவிட்டார். பிடுங்குவதென்றால் இன்றைக்கே முடித்துவிடலாம், ரூட் கெனால் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். காத்திருக்க நான் தயார். பல் தயாராக இல்லை.

ஆகவே ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்த காரியத்தைச் செய்தேன். மச்சானுக்குப் போன் அடித்தேன்.

மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு காப்புறுதி ஏஜென்ட் உண்டு. இல்லாத குடும்பத்தில் அந்த இடத்தைத் தண்ணீர் வடிகட்டி விற்பவர் நிரப்பியிருப்பார். எங்கள் குடும்பத்து ஏஜென்ட் என் மனைவியின் சித்தப்பா மகன், வயது இருபத்தொன்பது. கல்யாண வீடுகளில் அவன் உட்காரும் பந்தி எது என்று பார்த்துவிட்டு அடுத்த பந்திக்குப் போவது என் வழக்கம். நானாகக் கூப்பிட்டதும் மறுமுனையில் சத்தமே இல்லை. "அத்தான், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?" என்று பிறகு பதறினான்.

அன்று மாலையே வந்துவிட்டான். அதே டப்பாவில் இருந்து அதே முறுக்கை எடுத்துச் சர்க்கரைக்கட்டியைக் கடிப்பது போல் கடித்துக்கொண்டே பேசத் தொடங்கினான்.

"வருசத்துக்குப் பத்து லட்சம் வெள்ளி வரைக்கும் கவர் அத்தான். ரூமு ஒரு நாளைக்கு 200. ஆபரேஷன், ஐ.சி.யூ., கேன்சர், டயாலிசிஸ் எல்லாம் உள்ள வந்துடும்."

"பல்லு?"

"ஹார்ட் பைபாஸ்கூட உள்ள இருக்கு."

"பல்லு, தம்பி."

"பல்லு இல்ல அத்தான்."

பொக்கை வாய்க் கிழவரைப் பற்றித் துக்கம் சொல்கிற குரலில் சொன்னான். உண்மையும் அதுதான். இந்த நாட்டில் மெடிக்கல் கார்டு என்பது ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு உரியது. படுக்காமல், நாற்காலியில் சாய்ந்து வாய் திறக்கிற வைத்தியத்துக்கு அதில் இடமில்லை. தனி ஆளுக்கென்று விற்கும் பல் காப்புறுதி இங்கே அபூர்வம். பெரும்பாலும் அது கம்பெனி தன் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் திட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டுதான் வரும். காரணத்தை மச்சானே சொன்னான். வருமோ வராதோ என்று இருப்பதற்குத்தான் காப்புறுதி. வீடு எரியலாம், எரியாமலும் போகலாம். பல் அப்படியில்லை, கெட்டுப்போவது உறுதி. வலிக்காதவன் வாங்க மாட்டான், வலிக்கிறவனுக்கு இவர்கள் விற்க மாட்டார்கள்.

உலகம் முழுக்கவே பல்லை உடம்போடு சேர்ப்பதா வேண்டாமா என்பது தீராத வழக்கு. பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல்செட்டு இலவசம். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். 1951-ல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க முடிவானபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். நம் பக்கத்தில் பதவிக்காகப் பல்லைக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்காகப் பதவியை விட்டவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நான் விடவில்லை. "விபத்துன்னா பல்லுக்கும் தர்றதா இங்க போட்டிருக்கே?" என்று ஒரு வரியைக் காட்டினேன். விபத்தில் அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் போனால், நலமாக உள்ள இயற்கைப் பற்களுக்கான அவசர சிகிச்சை உண்டு. விபத்து என்றால் என்ன? அதற்கும் விளக்கம் இருந்தது: எதிர்பாராமல், வன்மையாக, வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி நேர்வது.

"முறுக்கு வெளியிலிருந்துதானே வந்துச்சு?" என்றேன்.

"ஆமா."

"கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"வன்மையா இருக்கா இல்லையா?"

மச்சான் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். என் மனைவி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். "நான் அந்தப் பேச்சுக்கே வரல அத்தான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, எதையாவது மெல்லும்போது பல் உடைந்தால் அது விபத்தில் சேராது என்றும், எப்படிப் பார்த்தாலும் நான் இன்னும் பாலிசியே எடுக்கவில்லை என்றும், ஆகவே என் பல் 'முன்பே இருந்த நோய்' என்றும் சொன்னான். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாக என்மேல் பொருத்திப் பார்த்தேன். முதுகுவலி, மூக்கடைப்பு, முன்கோபம், வழுக்கை என்று என்னிடம் இருப்பதெல்லாமே முன்பே இருந்தவைதான்.

காத்திருப்புக் காலம் இன்னொரு தமாஷ். பாலிசி தொடங்கி முதல் 30 நாள், விபத்தைத் தவிர வேறு எதற்கும் ஆஸ்பத்திரியில் படுக்கக் கூடாது. சில நோய்களுக்கு 120 நாள். அந்தப் பட்டியலை மச்சான் வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் குடும்பத்து வரலாற்றை யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. இரத்த அழுத்தம், இனிப்பு நீர், இருதயம், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், கட்டி, குடலிறக்கம், மூலம், டான்சில், மூக்குத் தண்டு, முதுகெலும்புச் சவ்வு, முழங்கால். "120 நாளைக்கு இதெல்லாம் வராம பாத்துக்குங்க" என்றான் மச்சான், மழை வரும், துணியை எடுத்து வையுங்கள் என்கிற தோரணையில். என் அப்பா பிறந்தது காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே டிரசர் ஒருவர்தான் சகலத்துக்கும் மருத்துவர். பல் வலி என்று போனால் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காலைப் பிடிக்கச் சொல்வாராம். காத்திருப்புக் காலம், அந்த இரண்டு பேர் வந்து சேரும் வரை.

இந்த இடத்தில் என் மனைவி தேநீரோடு வந்து உட்கார்ந்தாள். ஏஜென்ட் பேசும்போது கண்ணை மூடித் தலையாட்டுகிற ரகம் நான். அவள் ஒரு ரவிக்கைக்கு எத்தனை கொக்கி என்று எண்ணுகிற ரகம். கம்பெனியின் தமிழ்க் கையேட்டை எடுத்து வரிவரியாகப் படித்தாள்.

"தம்பி, 'கழிவுத் தொகை 500 ரிங்கிட்'னு போட்டிருக்கு. 500 வெள்ளி டிஸ்கவுன்டா? நல்லா இருக்கே!"

மச்சான் நெளிந்தான். "இல்லக்கா. ஆஸ்பத்திரிப் பில்லுல முதல் 500-ஐ நீங்க கட்டணும். அதுக்கு மேல வர்றதை அவங்க கட்டுவாங்க. அப்படி எடுத்தா மாசப் பணம் குறையும்."

"அதுக்கு ஏன் கழிவுன்னு போட்டிருக்கு? நான் கடையில 'தீபாவளிக் கழிவு'ன்னு எழுதித் தொங்கவிட்டா ஜனங்க எனக்கு அதிகமாவா காசு குடுக்கிறாங்க? எந்த மடையன் இதைத் தமிழ்ல எழுதினான்?"

நான் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், தேவையில்லாத ஓர் இடத்தில், ஓர் அரைப்புள்ளி இருந்தது. அந்த அரைப்புள்ளியை எனக்குத் தெரியும். உலகத்தில் ஒரே ஒருவன்தான் அங்கே அரைப்புள்ளி வைப்பான்.

முந்தின வருடம் மார்ச் மாதம், சொல்லுக்கு 25 காசு வீதம், ஓர் ஏஜென்சி மூலமாக வந்த வேலை. யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து, ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து, 'கழிவுத் தொகை' என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். கையேட்டில் முப்பத்தொரு இடத்தில் வருகிறது. இரண்டு சொல், 50 காசு. முப்பத்தொன்றுக்கு 15 வெள்ளி 50 காசு. இந்தத் தொகைக்காக மலேசியத் தமிழர்களில் எத்தனை பேரை 500 வெள்ளி தள்ளுபடி என்று நம்ப வைத்தேனோ! 'முதலில் நீ கட்டும் தொகை' என்று எழுதியிருந்தால் நான்கு சொல். 31 வெள்ளி வந்திருக்கும். நியாயமும் கூட, லாபமும் கூட.

மனைவியிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்தக் 'கழிவு' வியாபாரம் முன்பே உண்டு, கட்டாயமானதுதான் புதிது. 2024 செப்டம்பர் 1 முதல், நோயாளியும் ஒரு பங்கு போட்டுக் கட்டும் திட்டங்களைக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டாயம் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்லிவிட்டது. ஒன்று, பில்லில் குறைந்தது 5 விழுக்காடு. அல்லது முதல் 500 வெள்ளி. அவசரச் சிகிச்சைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றின் தொடர் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனைக்கும் இது பொருந்தாது. முழுதாகக் காப்புறுதியே கட்டும் பழைய பாணித் திட்டமும் உண்டு, விலைதான் கூடுதல். எனக்குச் சொன்ன விலை: கழிவோடு மாதம் 210 வெள்ளி, இல்லாமல் 290.

எதை எடுப்பது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் அறைக்குப் போகிற வழியில் கிளி ஜோசியர் கண்ணில் பட்டார். அவரும் சுயதொழில்காரர். என்னைவிட ஒருபடி மேல், அவருக்கு ஓர் ஊழியர் உண்டு. மனதுக்குள் 290-ஐயும் 210-ஐயும் நினைத்துக்கொண்டு பணத்தை வைத்தேன். கிளி வெளியே வந்து, நான்கு சீட்டைத் தள்ளிவிட்டு, முருகன் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போய்விட்டது. வடக்கிலிருந்து நல்ல சேதி வரும் என்றார் ஜோசியர். "உங்களுக்கு மெடிக்கல் கார்டு இருக்காண்ணே?" என்று கேட்டேன். "நமக்கெல்லாம் பெரியாஸ்பத்திரிதான் சார், ஒரு வெள்ளி" என்று சிரித்தார். முன்வரிசையில் நான்கு பல் இருந்தது. "பல்லுக்கு?" என்றேன். கூண்டைக் காட்டினார். "அதைப் பாருங்க. பல்லே கிடையாது. நிம்மதியா இருக்கு."

210-க்கே முடிவு செய்தேன். மச்சான் படிவத்தோடு வந்தான். உயரம், எடை, புகை, மது, கடந்த ஐந்து வருடத்தில் பார்த்த டாக்டர்கள். இங்கே உண்மையைச் சொல்வது தர்மம் மட்டுமல்ல; பொய் சொன்னால் பிறகு பணம் வேண்டும் என்று போய் நிற்கும்போது அவர்கள் கையை விரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எடை 78 என்று நான் சொன்னேன். "84" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. குடிப்பழக்கம் எப்போதாவது என்றேன். "எப்போதாவதுன்னா வெள்ளி, சனி" என்று வந்தது. குறட்டை பற்றி யாரும் கேட்கவில்லை. அதையும் அவளே சொன்னாள். பெற்றோருக்கு இனிப்பு நீர் உண்டா என்ற கேள்விக்குப் பதிலாக, அது இல்லாத சொந்தக்காரர் பெயரைக் கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பாலிசி டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தது. கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். ரவிக்கைக்குக்கூட என் மனைவி இந்தச் சலுகையைத் தருவதில்லை. சொல்லுக்குக் காசு கிடைக்காமலே ஒரு பாலிசியை முழுதாகப் படித்த மொழிபெயர்ப்பாளன் என்ற பெருமையோடு படித்துக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 20-ஆம் தேதி பேங்க் நெகாராவின் அறிவிப்பு வந்தது. மருத்துவச் செலவு அந்த ஒரே வருடத்தில் 15 விழுக்காடு ஏறியிருக்கிறதாம். மாதப் பணத்தைத் தாறுமாறாக ஏற்றிய கடிதங்கள் வந்து ஊரே கொதித்துக்கொண்டிருந்த சமயம். ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடமாகப் பிரித்து, 2026 முடிய மெதுவாக ஏற்ற வேண்டும், பாலிசிதாரர்களில் 80 விழுக்காட்டினருக்காவது வருட ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 60 வயதைத் தொட்டோ தாண்டியோ அடிப்படைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் ஏற்றமே கூடாது என்று உத்தரவு. வடக்கிலிருந்து வரும் என்று கிளி சொன்ன சேதி இதுதானா? பேங்க் நெகாரா பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வடக்கேதான் இருக்கிறது.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மச்சானைக் கேட்டேன். அவன் அழவில்லை, அழுதிருந்தால் கொடுத்திருப்பேன். "அத்தான், உங்களுக்கு இப்ப நாப்பத்தாறு. இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வந்தீங்கன்னா அந்த 120 நாள் லிஸ்ட்ல நாலாவது 'முன்பே இருந்த நோய்' ஆயிருக்கும்" என்றான். ஆறு வருடப் பந்தி மாற்றத்துக்கு அவன் தீர்த்துக்கொண்ட வஞ்சம் அது. வைத்துக்கொண்டேன்.

சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவையும் விடவில்லை. சுயதொழில்காரர்களுக்கென்றே 2017-ல் ஒரு சட்டம் வந்தது. முதலில் டாக்சிக்காரர்களுக்கு, பிறகு 2020 முதல் மற்ற தொழில்களுக்கும். மிகக் குறைந்த திட்டத்துக்கு மாதம் 13 வெள்ளி 10 காசு. வேலையில் நேரும் விபத்துக்குத்தான் அது. மொழிபெயர்ப்பில் என்ன விபத்து என்று என் மனைவி சிரித்தாள். அந்தக் கையேடு யார் எழுதியது என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

ஆக, மூளை முதல் முழங்கால் வரை பத்திரம். பல் மட்டும் தெருவில் நிற்கிறது.

அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பல்செட்டு வந்தது 1988-ல், கூட்டுப் பணத்தில். இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் 50 வெள்ளி, மாதம் ஒருத்தருக்கு ஆயிரம். அம்மாவுக்குப் பதினோராவது மாதம் விழுந்தது. பல் இல்லாமல் பத்து மாதம் கஞ்சி குடித்துக் காத்திருந்தார். அதுதான் காத்திருப்புக் காலம். மலேசியச் சட்டப் புத்தகத்தில் 'கூட்டு' என்ற நம் சொல் அப்படியே ஏறியிருக்கிறது, கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று. அந்தச் சட்டம் வந்தது 1971-ல். அதாவது, எங்கள் குடும்பத்துக்கு இதுவரை இருந்த ஒரே பல் காப்புறுதி, அம்மா சேர்வதற்குப் பதினேழு வருடம் முன்பே தடைசெய்யப்பட்டது. தடை தேவைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அடுத்த கூட்டில், தலைவி நான்காவது மாதம் ஜொகூர் பக்கம் போனவர் திரும்பவே இல்லை.

சட்டத்தை மீறாமல் கூட்டு நடத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே ஆள் கூட்டு. உறுப்பினர் நான், தலைவன் நான், சீட்டு எப்போதும் எனக்கே விழும். 2025 ஜனவரியில் ஒரு பழைய மைலோ டின்னைக் கழுவிக் காயவைத்து, 'பல்' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். மாதம் 80 வெள்ளி. வருடத்துக்கு 960. பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளி வரை வருமான வரியில் விலக்கு உண்டு என்று 2024-ஆம் வரி ஆண்டிலிருந்து அரசாங்கம் சேர்த்திருக்கிறது. பல்லும் உடம்பில்தான் இருக்கிறது என்று வரி இலாகாவுக்குத் தெரிந்தது, காப்புறுதிக்குத் தெரியவில்லை. மெடிக்கல் கார்டுக்குக் கட்டுவதற்கும் விலக்கு உண்டு. கல்விக் காப்புறுதியோடு சேர்த்து 3,000 ஆக இருந்தது, 2025 முதல் 4,000. சுயதொழில்காரன் 'பி' வரிப் பாரத்தை அனுப்ப ஜூன் 30 வரை நேரம் இருக்கிறது. ரசீதை மட்டும் தொலைக்கக் கூடாது. தாளில் உள்ள எழுத்து கொஞ்ச நாளில் பேய் மாதிரி மறைந்துவிடுகிறது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட் கெனாலை மூன்று தவணையாகச் சொந்தப் பணத்தில் முடித்தேன். அந்த 1,400 வெள்ளியில் நான் மொழிபெயர்த்த சொற்கள் 5,600. கிரவுனுக்கு 1,500 வேண்டும். டின் நிறைந்ததும் போடலாம் என்று தற்காலிகமாக அடைத்து வைத்திருக்கிறார்கள்.

டின் நன்றாகத்தான் நிறைந்துகொண்டு வந்தது. ஏப்ரலில் காருக்கு பேட்டரி போனது. தலைவன் உறுப்பினரிடம் பேசினான், உறுப்பினர் சம்மதித்தார். ஜூனில் பூக்கடை மாடியில் ஏர்கான் தண்ணீர் ஒழுகியது. ஆகஸ்டில் மனைவியின் அக்கா மகளுக்குச் சடங்கு. மொய் எழுதாமல் இருக்க முடியாது, முறுக்கு விஷயத்தை நான் இன்னும் மனதில் வைத்திருப்பதாக நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த தொகையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டின்னுக்குள்ளேயே வைத்தேன். கூட்டுத் தலைவர்கள் எல்லோரும் ஜொகூர் போவதில்லை. சிலர் வீட்டிலேயே இருந்துகொண்டும் ஓடுவார்கள்.

2025 தீபாவளிக்கு அக்கா வீட்டிலிருந்து முறுக்கு டப்பா வந்தது. வலது பக்கமாக மென்று தின்றேன். மைலோ டின்னில் அன்றைக்கு இருந்தது 37 வெள்ளியும், என் கையெழுத்துப் போட்ட மூன்று துண்டுச் சீட்டும்.